செலாவணிக் காப்பும் நமது சேமிப்பும்

வெளிநாட்டுப் பங்கு மார்க்கெட்டுகளில் பணம் போடுவது இன்று மும்பைச் செல்வர்களுக்கு மாத்திரம் உரிய காரியமாக இல்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனி முதலாளிகளும், மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்குப் பருத்தி கொண்டுவரும் குடியானவர்களின் படித்த பிள்ளைகளும், அமெரிக்கப் பங்குகளின் குறியீட்டை ஒட்டி ஏறி இறங்கும் நிதிகளைக் கைப்பேசி மூலமாகவே வாங்கக்கூடிய காலம் வந்துவிட்டது. உலகத்தில் விற்பனையாகும் இத்தகைய நிதிகளுள் செலாவணிக் காப்பு உள்ளவை, காப்பு இல்லாதவை என இரு வகை உண்டு. இவ்விரண்டில் எது சிறந்தது என்ற கேள்வி இப்போது நமது வட்டாரத்திலும் எழுந்திருக்கிறது.

கேள்வியே சற்றுப் பிசகாக அமைந்திருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். காப்பு என்பது தன்னளவில் நல்லது அல்லது கெட்டது என்று சொல்லத்தக்க வஸ்துவன்று. ஒருவன் எந்த நாணயத்தில் சம்பாதிக்கிறான், எந்த நாணயத்தில் செலவிடப் போகிறான் என்ற இரண்டையும் அறியாமல், அவனுக்குக் காப்பு வேண்டுமா வேண்டாமா என்று யாராலும் சொல்ல இயலாது. இதை மறந்ததனால் நேர்ந்த விபரீதத்தை 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் திருப்பூரும் கோயம்புத்தூரும் அனுபவித்திருக்கின்றன. அந்த அனுபவம் மறக்கப்பட்டு வருகிறது. ஆகவே அதை எடுத்துச் சொல்வது பத்திரிகையின் கடமையாகும்.

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். அமெரிக்கப் பங்குகளை வாங்கும் இந்தியன் ஒரே சமயத்தில் இரண்டு பொருள்களை வாங்குகிறான். ஒன்று பங்கு, மற்றொன்று டாலர். பங்கு ஏறினும் டாலர் இறங்கினால் லாபம் குறையும். பங்கு இறங்கினும் டாலர் ஏறினால் நஷ்டம் குறையும். டாலரின் ஏற்ற இறக்கத்தை நீக்கிவிட்டுப் பங்கின் ஏற்ற இறக்கத்தை மாத்திரம் முதலீட்டாளனுக்குக் கொடுக்க முயல்வதே காப்புள்ள நிதி. அதன் நிர்வாகிகள் பங்குகளை வாங்கும்போதே, அவற்றின் மதிப்புக்குச் சமமான டாலரை ஒரு மாதம் கழித்து இன்ன விலைக்கு விற்பதாக வங்கியுடன் ஒப்பந்தம் செய்துகொள்வர். மாதம் முடிந்ததும் கணக்கைத் தீர்த்து, மறு மாதத்திற்குப் புதிய ஒப்பந்தம் செய்வர். திருப்பூரில் 'பார்வர்டு போடுவது' என்று எல்லோரும் அறிந்திருக்கும் காரியந்தான் இது. வேறு மந்திரம் ஒன்றும் இதில் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். டாலர் 80 ரூபாய் விற்கும்போது ஒருவர் 1,00,000 ரூபாய் போட்டு 1,250 டாலருக்குப் பங்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் பங்கு 10 சதவீதம் ஏறி 1,375 டாலராயிற்று. காப்பு இல்லையெனில், டாலர் அப்போது 84 ரூபாயானால் கைக்கு வருவது 1,15,500. 76 ரூபாயானால் 1,04,500. வித்தியாசம் 11,000 ரூபாய். அவரே தொடக்கத்தில் 1,250 டாலரை ஓராண்டு கழித்து 82 ரூபாய் வீதம் விற்பதாகப் பார்வர்டு போட்டிருந்தால், டாலர் 84க்கு ஏறும்போது ஒப்பந்தத்தில் 2,500 ரூபாய் நஷ்டமாகி 1,13,000 கிடைக்கும். 76க்கு இறங்கும்போது 7,500 ரூபாய் லாபம் சேர்ந்து 1,12,000 கிடைக்கும். வித்தியாசம் ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. எஞ்சிய அந்த ஆயிரமும், லாபமாக வந்த 125 டாலருக்குக் காப்பு இல்லாததனால் ஏற்பட்டது. காப்பின் குணம் முழுவதும் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது: அது ஆசையையும் குறைக்கிறது, அச்சத்தையும் குறைக்கிறது.

இன்று 80 ரூபாய் விற்கும் டாலரை ஓராண்டு கழித்து 82 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ள வங்கி ஏன் சம்மதிக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். இது வங்கியின் தாராள குணமன்று. இந்தியாவில் வட்டி அதிகம், அமெரிக்காவில் குறைவு; அந்த வித்தியாசமே பார்வர்டு விலையில் பிரீமியமாக வந்து நிற்கிறது. இவ்வித்தியாசம் உள்ளவரையில், டாலருக்குக் காப்பிடும் இந்தியனுக்கு அது வருமானம். இந்தியப் பங்குகளை வாங்கி ரூபாய்க்குக் காப்பிடும் அமெரிக்கனுக்கு அதுவே செலவு. ஆகவே, காப்பு என்றால் பணம் கரையும் என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் எழுதப்படுவதை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு. அதே சமயத்தில், பிரீமியம் வருகிறதே என்று மகிழ்வதும் பேதைமை. ரூபாய் இவ்வளவு இறங்கக்கூடும் என்பதற்கு மார்க்கெட்டு முன்கூட்டியே வைத்த விலை அது. ரூபாய் அதைவிட அதிகமாக இறங்கினால், காப்பிட்டவன் பின்தங்குவான்.

செலாவணியால் நமது வர்த்தகர்கள் அடிபடுவது புதிதன்று. 1920ம் ஆண்டின் தொடக்கத்தில் ரூபாயின் மதிப்பு 2 ஷில்லிங்குக்கு வெகு மேலே ஏறியிருந்தது. அந்த மதிப்பை நம்பி லங்காஷயர் துணிகளுக்கு ஆர்டர் கொடுத்த இந்திய வியாபாரிகள், சரக்கு துறைமுகம் வந்து சேர்ந்தபோது ரூபாய் சரிந்து கிடப்பதைக் கண்டனர். பலர் சரக்கை ஏற்க மறுத்தனர், பலர் நொடித்தனர். 1927ல் ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று அன்னிய சர்க்கார் நிர்ணயித்தபோது, 16 பென்ஸே நாட்டின் விவசாயத்திற்கும் கைத்தொழிலுக்கும் உகந்தது என்று தேசியவாதிகள் போராடியதும் சரித்திரம். அக்காலத்தில் விலையை நிர்ணயித்தவர்கள் யாரென்று தெரிந்திருந்தது. அவர்களை எதிர்த்து வாதாடவும் முடிந்தது. இன்று விலையைப் பெரும்பாலும் மார்க்கெட்டே நிர்ணயிக்கிறது. ரிசர்வ் வங்கி இடையிடையே தலையிடுகிறது. எதிர்த்து வாதாட ஆளில்லை. எச்சரிக்கையாக இருப்பது ஒன்றே வழி.

இனி 2007ம் ஆண்டின் கதைக்கு வருவோம். அவ்வாண்டின் தொடக்கத்தில் சுமார் 44 ரூபாயாக இருந்த டாலர், ஆண்டு முடிவில் 39 ரூபாய்ச் சில்லறைக்கு இறங்கியது. டாலரில் விலை பேசி ஆர்டர் பிடித்திருந்த பனியன் ஏற்றுமதியாளருக்கு, நூறு ரூபாய் வர வேண்டிய இடத்தில் 89 ரூபாயே வந்தது. நூல் விலையும், சாயக்கூலியும், தையல்கூலியும் ரூபாயில் அப்படியே இருந்தன. சில சதவீத லாபத்தில் நடக்கும் தொழிலுக்கு இது உயிர்நிலையில் விழுந்த அடி. அந்தச் சமயத்தில்தான் வங்கிகளின் பிரதிநிதிகள் ஒப்பந்தப் பத்திரங்களோடு வந்தனர்.

அவர்கள் விற்றது சாதாரணப் பார்வர்டு அன்று. டாலருக்கும் ஸ்விஸ் பிராங்குக்கும் இடையிலும், டாலருக்கும் ஜப்பானிய யென்னுக்கும் இடையிலும் உள்ள விலையைப் பற்றிய சிக்கலான ஒப்பந்தங்கள் அவை. டாலர் இன்ன எல்லைக்குக் கீழே போகாதவரையில் ஏற்றுமதியாளருக்கு ஒரு தொகை கிடைக்கும். போய்விட்டால் நஷ்டம் முழுவதும் அவர் தலையில் விழும். அந்த நஷ்டத்திற்கு வரம்பில்லை. கைக்காசு செலவில்லாத ஒப்பந்தம் என்று சொல்லப்பட்டது. உண்மையில் ஏற்றுமதியாளர் அதில் காப்பை வாங்கவில்லை. பிறருக்குக் காப்பை விற்றிருந்தார். தம் வீட்டிற்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுப்பதாக எண்ணிக்கொண்டு, ஊரார் வீடுகளுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனியாக உட்கார்ந்துவிட்டார். திருப்பூரிலிருந்து ஜூரிச்சுக்குப் பிராங்கில் கடன் வைத்திருந்தவர் எத்தனை பேர்? டோக்கியோவிலிருந்து யென்னில் வரவு எதிர்பார்த்தவர் எத்தனை பேர்? வியாபாரத்தில் இல்லாத நாணயத்திற்கு எப்படிக் காப்பு இருக்க முடியும்?

2007ம் ஆண்டின் மத்தியில் ஒரு டாலர் 1.20 பிராங்குக்கு மேலும், 120 யென்னுக்கு மேலும் விற்றது. 2008 மார்ச்சில் அது ஒரு பிராங்குக்கும் கீழே, 100 யென்னுக்கும் கீழே வீழ்ந்தது. பல ஆண்டுகளாகத் தொடாத எல்லைகள் எல்லாம் சில மாதங்களில் உடைந்தன. கொங்கு நாட்டுக் கம்பெனிகளில் பல, வருஷ லாபத்தை விஞ்சிய தொகைகளுக்கு வங்கிகளிடமிருந்து நோட்டீஸ் பெற்றன. வழக்குகள் எழுந்தன. கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜஸ்ரீ சர்க்கரைக் கம்பெனி ஆக்ஸிஸ் வங்கியின் மீது தொடுத்த வழக்கில், இத்தகைய ஒப்பந்தம் பந்தயத்திற்கு ஒப்பானது, ஆகவே 1872ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30வது பிரிவின்படி செல்லாது என்ற வாதம் எழுப்பப்பட்டது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் 2008 அக்டோபரில் அளித்த தீர்ப்பில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2006ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 45-வி பிரிவு, வங்கி ஒரு கட்சியாக உள்ள இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்திருந்தது. பிற்பாடு 2011 ஏப்ரலில், விதிகளைச் சரிவர அனுசரிக்கவில்லை என்று 19 வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அபராதம் விதித்தது. எந்த வங்கிக்கும் அபராதம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டவில்லை. நஷ்டம் கோடிகளில், அபராதம் லட்சங்களில்! கையெழுத்திட்டபின் நியாயஸ்தலத்தை நாடுவதைவிட, கையெழுத்திடுமுன் கணக்கைக் கேட்பது எவ்வளவு மேலானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

காப்பு என்ற பெயரில் எதையும் விற்கலாம் என்பதே அந்த அனுபவத்தின் சாரம். பெயரைப் பார்த்து வாங்காமல், தன் நிலைமையைப் பார்த்து வாங்க வேண்டும். இதை வெளிநாட்டுப் பங்கு நிதிக்குப் பொருத்திப் பார்க்கும்போது, மேற்கூறிய அதே இரண்டு ஆண்டுகள் நமக்கு அழகான பாடமாக அமைகின்றன.

2007ல் அமெரிக்காவின் எஸ் அண்டு பி 500 குறியீடு ஏறத்தாழ 3.5 சதவீதம் ஏறியது. டாலரோ ரூபாய்க்கெதிராகச் சுமார் 11 சதவீதம் இறங்கியது. டிவிடெண்டை நீக்கிப் பார்த்தால், காப்பின்றி நூறு ரூபாய் போட்டிருக்கக்கூடியவர் கையில் 92 ரூபாயே நின்றிருக்கும். திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு இதன் பொருள் என்ன? கம்பெனியில் டாலர் அடிக்கும் ஆண்டிலேயே, சேமிப்பிலும் டாலர் அடித்திருக்கும். அவருடைய வருமானம் ஏற்கெனவே டாலரில் வருகிறது. பேக்கிங் கிரெடிட் கடனைக்கூடச் சிலர் டாலரிலேயே வாங்குகிறார்கள். காப்பற்ற அமெரிக்க நிதியையும் வாங்கினால், ஒரே கயிற்றில் இரண்டு வாளிகளையும் கட்டித் தொங்கவிட்டவர் ஆவார். அவருக்குக் காப்புள்ள நிதி பொருத்தமானது. அது கிடையாவிட்டால், காப்பற்றதைச் சொற்பமாக வைத்துக்கொள்வது விவேகம்.

2008ல் நிலைமை தலைகீழாயிற்று. அதே குறியீடு 38 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. ஆனால் 39 ரூபாய்ச் சில்லறையாக இருந்த டாலர் 48 ரூபாயைத் தாண்டியது. காப்பற்ற நிதியில் நூறு ரூபாய் சுமார் 76 ரூபாயாகியிருக்கும். டாலரின் ஏற்றத்தை நீக்கிப் பார்த்தால் 62க்கும் கீழே போயிருக்கும். உலகத்தில் பீதி எழும்போது பணம் டாலரைத் தேடி ஓடுவதும், ரூபாய் இறங்குவதும் பலமுறை கண்ட காட்சி. ஆகவே, ரூபாயில் சம்பளம் வாங்கி ரூபாயிலேயே செலவிடும் உபாத்தியாயர், குமாஸ்தா, வக்கீல் ஆகியோருக்குக் காப்பற்ற நிதியில் உள்ள டாலரே ஓரளவு காப்பாக நிற்கிறது. அவர்கள் அதற்குமேல் செலாவணிக் காப்பையும் தேடி அலைய வேண்டிய அவசியம் குறைவு. பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்க எண்ணுவோருக்கும், ஜெர்மன் நிட்டிங் மெஷினுக்கு ஆர்டர் கொடுத்திருப்போருக்கும் செலவே அன்னிய நாணயத்தில் இருப்பதால் இது இன்னும் பொருந்தும். மூலனூர் வட்டாரத்துப் பருத்திக் குடியானவர் நிலை இடைப்பட்டது; உலகப் பஞ்சு விலையும் டாலரும் உள்ளூர் ஏலத்தின் மீது நிழல் வீசுகின்றன; ஆனால் வீட்டுச் செலவு முழுவதும் ரூபாயில்.

ஒரே ஊர், ஒரே நிதி, ஒரே ஆண்டு; ஆனால் மூன்று மனிதர்களுக்கு மூன்று விடைகள்! எல்லோருக்கும் ஒரே யோசனையைச் சொல்லுகிறவர் வியாபாரியேயன்றி ஆலோசகர் ஆகமாட்டார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ரூபாய் எப்போதும் இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது, பின் யாருக்குத்தான் காப்பு எதற்கு என்பார்கள். 1949ல் டாலருக்கு 4.76 ரூபாய்; 1966 ஜூனில் 7.50; 2013 ஆகஸ்டில் 68 ரூபாய்க்கு மேல்; 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. போக்கு இறங்குமுகம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இறக்கம் சமமாக நடப்பதில்லை. 2007 முடிவிலிருந்து எண்ணினால் டாலரின் ஏற்றம் ஆண்டுக்கு நாலரை சதவீதத்தை ஒட்டி வரும். 2013 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் இரண்டு சதவீதத்தைச் சற்றே தாண்டும். பின்னதில், காப்பிட்டவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வட்டி வித்தியாசம் இதற்குக் குறையாது. எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுமானால், அந்த முடிவின்மீது வீடு கட்டக்கூடாது.

கூட்டத்தோடு ஓடுவதன் அபாயத்தையும் சொல்ல வேண்டும். 2012ம் ஆண்டின் பிற்பகுதியில் டாலருக்கு 80 யென்னாக இருந்தது, ஜப்பானியப் பிரதமர் அபேயின் பொருளாதாரக் கொள்கையின் பின் 2015ல் 120க்கு மேல் போயிற்று. டோக்கியோ பங்குகள் ஏறின, யென் இறங்கியது. அமெரிக்க முதலீட்டாளர்கள் யென்னுக்குக் காப்பிட்ட நிதிகளுக்குள் 2013ல் கோடிக்கணக்கான டாலர்களைக் கொட்டினர். 2016ல் யென் திரும்பி 100ஐ நோக்கி வலுத்தபோது, யென்னின் ஏற்றத்தால் வந்திருக்க வேண்டிய ஆதரவு காப்பிட்டவர்களுக்குக் கிட்டவில்லை. நேற்றைய நஷ்டத்திற்கு இன்று காப்பு வாங்குவது, மழை நின்றபின் குடை வாங்குவதைப் போன்றதே.

ஏற்றுமதியாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளின் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன, தள்ளிப்போயின. ஆர்டர் நின்றாலும், அதை நம்பிப் போட்ட பார்வர்டு நிற்காது. டாலர் வராவிட்டாலும் குறித்த தேதியில் ஒப்பந்தத்தைத் தீர்த்தாக வேண்டும். ரூபாய் அப்போது இறங்கியிருந்தால், வராத டாலருக்காக நஷ்டம் கொடுக்க நேரிடும். ஆகவே உறுதியான வரவுக்கு மாத்திரமே காப்பு. நம்பிக்கைக்குக் காப்பு இல்லை. அமெரிக்க வாடிக்கையையே நம்பித் தொழில் செய்பவர், தம் சேமிப்பையும் அமெரிக்கப் பங்குகளிலேயே முழுவதும் போடுவது சரியா என்பதையும் ஆலோசிக்க வேண்டும். செலாவணிக்குக் காப்பு உண்டு. வாடிக்கைக்காரன் கைவிடுவதற்குக் காப்பு எந்த வங்கியிலும் கிடைப்பதில்லை.

இனி நமது மார்க்கெட்டின் நிலைமை. 2011 மார்ச்சில் மோதிலால் ஆஸ்வால் கம்பெனி கொண்டுவந்த நாஸ்டாக் 100 நிதி செலாவணிக் காப்பு இல்லாதது. டாலர் ஏறினாலும் இறங்கினாலும் அது வாங்கியவரைச் சேரும். இத்துடன் வேறொரு விசித்திரமும் உண்டு. மியூச்சுவல் ஃபண்டுகள் அனைத்தும் சேர்ந்து வெளிநாட்டில் போடக்கூடிய தொகைக்கு 700 கோடி டாலர் என்ற வரம்பு உண்டு. வெளிநாட்டுக் குறியீட்டு நிதிகளில் போடுவதற்குத் தனியே 100 கோடி டாலர் என்ற வரம்பு. 2022 பிப்ரவரியில் முதல் வரம்பு எட்டப்பட்டுப் புதிய பணம் நிறுத்தப்பட்டது. 2024 ஏப்ரல் முதல் இரண்டாவதிலும் தடை ஏற்பட்டது. புதிய யூனிட்டுகள் தாராளமாக உண்டாக முடியாமற்போனபோது, இருக்கும் யூனிட்டுகளுக்கே போட்டி ஏற்பட்டு, சில நிதிகள் அவற்றின் உண்மை மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேலான விலைக்கு மார்க்கெட்டில் கைமாறியதுண்டு. செலாவணியில் இரண்டு மூன்று சதவீதத்தைப் பற்றி நாள் முழுவதும் விவாதித்துவிட்டு, வாங்கும் விலையிலேயே பத்து சதவீதத்தைக் கோட்டை விடுவது எந்த ஊர் நியாயம்? வாங்குமுன் அன்றைய உண்மை மதிப்பை நிதியின் அறிக்கையில் பார்த்து, மார்க்கெட்டு விலையோடு ஒப்பிடுவது அத்தியாவசியம்.

இவற்றிலிருந்து நாம் வற்புறுத்துவது மூன்று. சேமிப்பவர் ஒவ்வொருவரும், பிறர் யோசனையைக் கேட்குமுன், தமது வருமானமும் செலவும் கடனும் எந்தெந்த நாணயத்தில் உள்ளன என்பதை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கங்கள், ஒப்பந்தப் பத்திரங்களைப் படித்துச் சொல்லக்கூடிய, எந்த வங்கியிடமும் ஊதியம் பெறாத நிபுணர்களைத் தங்கள் அங்கத்தினர்களுக்காக அமர்த்த வேண்டும். சிறு கம்பெனிக்குத் தனியே இயலாதது சங்கத்திற்கு இயலும். மூன்றாவதாக, காப்பின் செலவு எவ்வளவு, அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு, நிதியின் உண்மை மதிப்பு எவ்வளவு என்ற மூன்று எண்களையும், விற்பவர் கையெழுத்து வாங்குமுன் தமிழிலேயே எழுதிக் கொடுக்கும்படி செபியும் ரிசர்வ் வங்கியும் விதி செய்ய வேண்டும். தமிழில் கணக்கெழுதி, தமிழில் கூலி கொடுத்து, உலகத்திற்கே துணி அனுப்பும் ஓர் ஊர், தன் சேமிப்பின் கதியை மாத்திரம் புரியாத பாஷையில் எழுதிய பத்திரத்தில் ஒப்படைப்பது நியாயமாகாது. நமது பாராளுமன்ற அங்கத்தினர்கள் இதை டில்லியில் எழுப்புவார்களாக. அதுவரையில், அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஓர் எண்ணை விடையாகச் சொல்ல முடியாத எந்த ஒப்பந்தத்திலும் நமது ஜனங்கள் கையெழுத்திடாதிருப்பார்களாக.